வைரஸ்பிரேக்எண்ட்: மனித ஜீனோமில் வைரஸ் ஒட்டிய இடத்தைக் காட்டும் மென்பொருள், ஒரு மதிப்புரை

விருத்தாசலம் பக்கம் முந்திரி ஒட்டுக்கன்று வாங்கப் போகிறவர்கள் இலையைப் பார்ப்பதற்கு முன்னால் ஒட்டுக் கட்டிய இடத்தைத்தான் பார்ப்பார்கள். கீழே ஒரு செடியின் தண்டு, மேலே இன்னொரு செடியின் குச்சி. இரண்டும் சேர்ந்த அந்த ஓர் அங்குலம் சரியாக இருந்தால்தான் கன்றுக்குக் காசு. மனிதக் குரோமோசோமுக்குள் வைரஸின் டி.என்.ஏ. சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதும் இதே வேலைதான். இந்தப் பக்கம் மனிதன், அந்தப் பக்கம் வைரஸ், நடுவில் ஓர் ஒட்டுப்புள்ளி. ஆனால் இங்கே தண்டின் நீளம் சுமார் 310 கோடி டி.என்.ஏ. எழுத்து. கையில் இருப்பதோ 150, 150 எழுத்தாக நறுக்கிய துண்டுகள்; ‘ரீட்’ என்பது இவற்றைத்தான்.

இதற்கென்று இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்கள் பத்துக்கு மேல் உண்டு. அவற்றில் முழு ஜீனோம் சீக்வென்சிங் (மொத்த டி.என்.ஏ.வையும் படித்தெடுப்பது) தரவுக்கு முதலில் எடுக்கவேண்டியது வைரஸ்பிரேக்எண்ட் என்பதே எங்கள் தீர்ப்பு. 5க்கு 4 மதிப்பெண் தரலாம். குறைகிற அந்த ஒன்று எதற்கு என்பதையும், எந்தத் தரவுக்கு இதைத் தொடவே கூடாது என்பதையும் கீழே சொல்கிறோம். புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் ஆய்வேட்டுக்காக இந்த வேலையில் இறங்குகிறவர்களை மனதில் வைத்து எழுதியது இது.

முதலில் பெயர் விஷயம். பாப்பிலோமா வைரஸுக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸுக்கும் ஆங்கிலச் சுருக்கம் தமிழில் ஒரே மாதிரிதான் வரும். குழப்பம் வேண்டாம் என்று ஒன்றைப் பாப்பிலோமா என்றும் மற்றதை ஹெப்-பி என்றும் எழுதுகிறோம். மாணவர்களும் தங்கள் குறிப்பேட்டில் இப்படிப் பிரித்து எழுதிக்கொள்வது நல்லது.

கருப்பைவாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குப் பாப்பிலோமா 16, 18 என்ற இரண்டு வகைகளே காரணம். சுமார் 7,900 எழுத்துள்ள வட்ட வடிவ டி.என்.ஏ. அது. குரோமோசோமில் சேரும்போது அந்த வட்டம் எங்காவது ஓரிடத்தில் உடையவேண்டும். ஈ2 மரபணு இருக்கும் பகுதியில் உடைந்தால், ஈ6, ஈ7 என்ற இரண்டையும் அடக்கி வைத்திருந்த பிடி விட்டுப்போகிறது. கட்டி வளராமல் காக்கும் பி53 புரதத்தை ஈ6 அழிக்கும். அதே வேலை செய்யும் ஆர்பி புரதத்தை ஈ7 முடக்கும். ஹெப்-பி இன்னும் சின்னது, சுமார் 3,200 எழுத்து. கல்லீரல் புற்றுநோயில் டெர்ட் மரபணுவை ஒட்டி அது திரும்பத் திரும்பச் சேர்ந்திருப்பது பல ஆய்வுகளில் காணப்பட்டது. கடலூர், விழுப்புரம் மாவட்ட நோயாளிகள் ஜிப்மரை நம்பி வருகிற இந்த வட்டாரத்தில் இவை இரண்டும் எங்கோ தூரத்து நோய்கள் அல்ல. ஒட்டுப்புள்ளி தெரிந்தால் அது அந்தக் கட்டிக்கே உரிய அடையாளம். வேறு ஆளின் கட்டியில் அதே எழுத்தில் அது இருக்காது.

வைரஸ்பிரேக்எண்ட் 2021இல் வெளிவந்தது. மெல்பர்னின் வால்டர் அண்ட் எலிசா ஹால் நிறுவனமும் நெதர்லாந்தின் ஹார்ட்விக் மெடிக்கல் ஃபவுண்டேஷனும் சம்பந்தப்பட்ட வேலை. ஜீனோமின் பெரிய உடைப்புகளைக் கண்டுபிடிக்கும் கிரிட்ஸ் என்ற மென்பொருளின் உள்ளேயே இது வருகிறது. ஜிபிஎல் உரிமம், காசு கிடையாது.

இதன் யோசனை எளிது. மற்ற பல மென்பொருள்கள் மனிதப் பக்கமும் வைரஸ் பக்கமும் சந்தேகமில்லாமல் தெரிந்தால்தான் ஒட்டு என்று ஒப்புக்கொள்ளும். மனிதப் பக்கம், ஒரே தொடர் திரும்பத் திரும்ப வரும் இடமாக, அதாவது குரோமோசோமின் இடுப்பான சென்ட்ரோமியரின் ஆல்ஃபா சாட்டிலைட்டாகவோ, அதன் நுனியான டெலோமியராகவோ இருந்தால் அந்தத் துண்டு நூறு இடத்தில் பொருந்தும். எது சரி என்று சொல்ல முடியாததால் அந்த மென்பொருள்கள் அதைத் தூக்கிப் போட்டுவிடும். வைரஸ்பிரேக்எண்ட் அப்படிச் செய்வதில்லை. வைரஸ் பக்கத்தில் நின்றுகொண்டு, ‘இந்த எழுத்தோடு வைரஸ் முடிகிறது, அதற்கு மேல் வேறு ஏதோ இருக்கிறது’ என்று ஒற்றைப் பக்க முறிவாகப் பதிவு செய்கிறது. பிறகு அந்த ‘வேறு ஏதோ’ மனித ஜீனோமில் எங்கே பொருந்துகிறது என்று பார்க்கிறது. பொருந்தும் இடம் ஒன்றென்றால் அதைச் சொல்லும். பல என்றால், திரும்பத் திரும்ப வரும் தொடர்களை (ரிப்பீட்) வகைப்படுத்தும் ரிப்பீட்மாஸ்கரை வைத்து ‘இது சாட்டிலைட்’, ‘இது லைன் தனிமம்’ என்று வகையையாவது சொல்லும். ஒட்டு இருக்கிறது என்ற செய்தி இதனால் கைநழுவிப் போவதில்லை.

உள்ளே நடப்பது இந்த வரிசை: மனித ஜீனோமில் பொருத்திப் பார்த்த ரீட்கள் உள்ள பாம் கோப்பிலிருந்து மனித ஜீனோமில் பொருந்தாத ரீட்களும், பொருந்திய ரீட்களில் பொருந்தாமல் தொங்கும் வால்களும் தனியாக எடுக்கப்படும். க்ராகன்2 அவற்றில் எவை வைரஸ் என்று பிரிக்கும். எந்த வைரஸ் என்று தெரிந்ததும் அதற்கு மிக நெருங்கிய ரிஃபரன்ஸ் (ஒப்பிட வைத்திருக்கும் மாதிரித் தொடர்) தேர்வாகும். ரீட்கள் அந்த ரிஃபரன்ஸில் பொருத்தப்பட்டு, கிரிட்ஸ் அவற்றைக் கோத்து நீளமான தொடராக்கி, முறிவுகளைக் குறிக்கும்.

அந்தக் கோக்கும் கட்டம் ஏன் முக்கியம் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். ரீட்களை ரிஃபரன்ஸில் பொருத்தும் மென்பொருளான பிடபிள்யூஏ-மெம் பொருத்தும்போது சரியான எழுத்து ஒவ்வொன்றுக்கும் 1 மதிப்பெண், தவறான எழுத்துக்கு 4 கழிவு, 30க்குக் கீழே போனால் அந்தப் பொருத்தத்தை எழுதவே எழுதாது. ஒரு ரீட்டில் 110 எழுத்து மனிதன், 40 எழுத்து ஹெப்-பி என்று வைத்துக்கொள்வோம். ஹெப்-பியின் மரபு வகைகள் ஒன்றுக்கொன்று 8 சதவீதத்துக்கு மேல் வேறுபடும். நம் நாட்டில் அதிகம் காணப்படுவது டி வகையும் ஏ வகையும். ரிஃபரன்ஸாக வேறு வகையை வைத்திருந்தால் 40 எழுத்தில் 3 மாறியிருப்பது சாதாரணம். சரியானவை 37, கழிவு 12, மிச்சம் 25. ஒட்டைத் தாங்கிய ரீட் கையில் இருந்தும் அதன் வைரஸ் பகுதி கணக்கில் வராமல் போகிறது. வாலில் ஒரு எழுத்துகூட மாறாமல் இருந்தாலும் 29 எழுத்து என்றால் இதே கதிதான். அந்த ஒட்டின் மேல் விழுந்த ஐந்தாறு ரீட்களைக் கோத்துவிட்டால் வால் 40இலிருந்து 100க்கு மேல் நீளும்; ஒட்டு கண்ணில் படாமல் தப்ப வழியில்லை. வைரஸ்பிரேக்எண்ட் ரிஃபரன்ஸைச் சாம்பிளைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதும், கோத்த பிறகே தீர்ப்புச் சொல்வதும் இந்த இரண்டு ஓட்டைகளையும் அடைக்கின்றன. எங்களுக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இது.

நிறுவும் வேலை

இங்கேதான் அந்த ஒரு மதிப்பெண் போகிறது. ஜாவா, ஆர், பிடபிள்யூஏ, சாம்டூல்ஸ், க்ராகன்2, ரிப்பீட்மாஸ்கர் எல்லாம் ஒரே இடத்தில் ஒத்துப்போகவேண்டும். தனித்தனியாக நிறுவப் போனால் ஒரு வாரம் ஓடிவிடும். தேவையானதெல்லாம் ஒரே பொட்டலமாக வரும் டாக்கரில் கிரிட்ஸின் படிமம் இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்தின் பொது சர்வரில் டாக்கருக்கு அனுமதி தரமாட்டார்கள். அங்கே அதே படிமத்தை சிங்குலாரிட்டி வழியாக ஓட்டலாம். மென்பொருள் நிறுவியான கோண்டாவில் நிறுவினால், முதல் வேலையாக ரிப்பீட்மாஸ்கரை மட்டும் ஒரு சின்ன ஃபாஸ்டா (டி.என்.ஏ. தொடர்) கோப்பில், இனம் மனிதன் என்று கொடுத்து ஓட்டிப் பாருங்கள். அதன் டிஃபாம் நூலகம் சரியாக அமையாவிட்டால், முழு ஓட்டமும் முடிந்து கடைசிக் கட்டத்தில்தான் நிற்கும். அதுவரை காத்திருந்த நேரம் வீண்.

தரவுத்தளம் அடுத்த தலைவலி. வைரஸ்பிரேக்எண்ட்-பில்டு என்ற கட்டளை அமெரிக்காவின் பொது மரபுத் தரவு மையமான என்சிபிஐயிலிருந்து எல்லாவற்றையும் இறக்கிக் கட்டும். க்ராகன்2 இயல்பாக ஆர்சிங்க் வழியாக, 873ஆம் போர்ட்டில் இறக்கும். கல்லூரி வளாக நெட்வொர்க்குகளில் அந்தப் போர்ட்டை மூடி வைத்திருப்பது வழக்கம். பாதியில் தொங்கி நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை. நெட்வொர்க் பொறுப்பாளரிடம் சொல்லித் திறக்கச் சொல்லுங்கள், அல்லது 2021 ஏப்ரல் தேதியிட்டு ஆக்கியவர்களே கட்டி வைத்திருக்கும் தரவுத்தளத்தை ஒரே கோப்பாக இறக்குங்கள். பாப்பிலோமாவுக்கும் ஹெப்-பிக்கும் அந்தப் பழைய தரவுத்தளம் போதும்.

நினைவகம்: க்ராகன்2 தரவுத்தளத்தை முழுவதுமாக ரேமில் ஏற்றும். 64 ஜிபி ரேம் இருந்தால் மூச்சு முட்டாமல் ஓட்டலாம். ஜாவாவுக்கு ஒதுக்கும் ஹீப்பை 30 ஜிபி அளவில் நிறுத்துங்கள். ‘இருக்கிறதே’ என்று 40 கொடுத்தால் நிலைமை மோசமாகும். 32 ஜிபியைத் தாண்டியதும் ஜாவா தன் முகவரிகளைச் சுருக்கி வைப்பதை நிறுத்திவிடும். 32க்கும் 48க்கும் நடுவில் எந்த எண்ணைக் கொடுத்தாலும் உண்மையில் பயன்படும் இடம் குறையும். 8 த்ரெட் போதும்.

30 மடங்கு ஆழமுள்ள, அதாவது ஒவ்வொரு எழுத்தையும் சராசரியாக 30 முறை படித்த ஒரு முழு ஜீனோமின் பாம் கோப்பு 80 முதல் 100 ஜிபி வரை வரும். அதை எஸ்எஸ்டியில் வைத்து ஓட்டுங்கள். வெளியூர் கிளவுடுக்கு ஏற்றலாம் என்று நினைப்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளவேண்டும். 10 எம்பிபிஎஸ் அப்லோடு வேகத்தில் 100 ஜிபி ஏற 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும். 50 எம்பிபிஎஸ் என்றால் நாலரை மணி நேரம். அதைவிட முக்கியம், நோயாளியின் ஜீனோம் வளாகத்தை விட்டு வெளியே போக நெறிமுறைக் குழுவின் ஒப்புதலிலும் நோயாளி கையெழுத்திட்ட சம்மதப் படிவத்திலும் இடம் இருக்கவேண்டும். இதில் சமரசம் கூடாது.

மழைக்காலத்தில் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தானே புயல் 2011 டிசம்பரிலும் ஃபெஞ்சல் 2024 நவம்பர் இறுதியிலும் இந்தக் கரையை என்ன செய்தன என்று தெரியும். யுபிஎஸ் இருந்தாலும் நாள் கணக்கில் மின்சாரம் இல்லாமல் போகலாம். கிரிட்ஸ் ஒவ்வொரு கட்டத்தின் முடிவையும் வேலை அடைவில் எழுதிக்கொண்டே போகும். அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் முடிந்த கட்டங்களைத் தாண்டி விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆகவே அந்த அடைவைத் தற்காலிக இடத்தில், மறுதொடக்கத்தில் துடைத்துப்போகும் இடத்தில் வைக்காதீர்கள். இதற்கு மறுபக்கமும் உண்டு. ரிஃபரன்ஸையோ அமைப்பையோ மாற்றிவிட்டு மறுபடி ஓட்டினால், பழைய கோப்புகளையே எடுத்துக்கொண்டு பழைய விடையைத் தரும். எதை மாற்றினாலும் வேலை அடைவை அழித்துவிட்டுத் தொடங்குங்கள்.

பாம் கோப்பு கெட்டால் எல்லாம் கெட்டது

இந்தத் தேடலில் தோற்பவர்களில் பெரும்பாலோர் மென்பொருளில் தோற்பதில்லை. அதற்குக் கொடுத்த கோப்பில் தோற்கிறார்கள். சீக்வென்சிங் செய்து தரும் சேவை நிறுவனங்கள் சில, ‘சுத்தம் செய்த’ பாம் கோப்பைத் தரும். கோப்பின் அளவைக் குறைக்க, மனித ஜீனோமில் பொருந்தாத ரீட்களைக் கழித்திருப்பார்கள். வைரஸ் இருந்ததே அந்தக் கழிவில்தான். ஓட்டம் பிழையில்லாமல் முடியும், ‘வைரஸ் இல்லை’ என்று வரும், நாமும் நம்பிவிடுவோம். ஆகவே ஓட்டுவதற்கு முன் சாம்டூல்ஸின் ஃப்ளாக்ஸ்டாட் கட்டளையைப் போட்டு, மொத்த ரீட்டுக்கும் பொருந்திய ரீட்டுக்கும் வித்தியாசம் இருக்கிறதா என்று பாருங்கள். 100 சதவீதம் பொருந்தியது என்று வந்தால் அந்தக் கோப்பு உதவாது. பொருத்துவதற்கு முந்தைய மூல ரீட்கள் உள்ள ஃபாஸ்ட்க்யூ கோப்பைக் கேட்டு வாங்கி நீங்களே பொருத்துங்கள். ஆர்டர் கொடுக்கும்போதே மூல ஃபாஸ்ட்க்யூ வேண்டும் என்று எழுத்தில் கேட்டுவிடுவது உத்தமம்.

நீங்களே பொருத்தும்போது, முதலில் ஃபாஸ்ட்பி மென்பொருள் கொண்டு அடாப்டரை (சீக்வென்சிங்குக்காகத் துண்டின் முனையில் ஒட்டும் செயற்கைத் தொடர்) வெட்டுங்கள். மெழுகில் பதித்து வைத்த பழைய திசுத் துண்டிலிருந்து எடுத்த டி.என்.ஏ. 150 எழுத்துக்கும் குறைவாகவே உடைந்திருக்கலாம். அப்போது ரீட், துண்டைத் தாண்டி அடாப்டருக்குள் போய்விடும். அந்த அடாப்டர் வால் பார்ப்பதற்கு ஒட்டு மாதிரியே இருக்கும். அதுவும் எல்லாத் துண்டிலும் அதே வால்.

மெழுகுத் துண்டில் இன்னொரு இழப்பும் உண்டு. நல்ல டி.என்.ஏ.வில் 400 எழுத்துத் துண்டு, இரண்டு முனையிலும் 150, 150 என்று படித்தால், ஒரு முனை மனிதனிலும் மறுமுனை வைரஸிலும் விழும் ஜோடிகள் கூடுதல் சாட்சியாகக் கிடைக்கும். துண்டே 150 என்றால் இரண்டு ரீட்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும். அந்தச் சாட்சி போய்விடும். ஒட்டைக் கடந்துபோகும் ரீட் மட்டுமே மிச்சம்.

எவ்வளவு ஆழம் வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். 30 மடங்கு ஆழம் என்று வைத்துக்கொள்வோம். எடுத்த திசுவில் பாதிதான் புற்றுச் செல். புற்றுச் செல்லில் இரண்டு குரோமோசோமில் ஒன்றில்தான் வைரஸ். ஆக ஒட்டைத் தாங்கியவை நாலில் ஒரு பங்கு. ஏழரை ரீட் அந்தப் புள்ளிமேல் விழும். இரண்டு பக்கமும் குறைந்தது 20 எழுத்தாவது இருக்கவேண்டும் என்றால் அதில் 73 சதவீதம் தேறும், ஐந்தரை ரீட். 400 எழுத்துத் துண்டாக இருந்தால் ஒட்டைக் கடக்கும் துண்டுகள் 10. இது போதும், கண்டுபிடித்துவிடலாம். ஆனால் வைரஸ் சேர்ந்தது புற்றுச் செல்களில் ஐந்தில் ஒன்றில் மட்டும் என்றால் ஒன்றரை ரீட்தான் மிஞ்சும். எந்த மென்பொருளாலும் அதை நம்பகமாகச் சொல்ல முடியாது. ‘இல்லை’ என்று வந்த முடிவுக்குப் பக்கத்தில் திசுவில் புற்றுச் செல்லின் பங்கையும் ஆழத்தையும் எழுதாமல் விட்டால் அந்த ‘இல்லை’க்குப் பொருளே இல்லை.

ரிஃபரன்ஸ் பற்றியும் ஒரு எச்சரிக்கை. மனித ஜீனோம் 38ஆம் பதிப்பின் ஆய்வுத் தொகுப்பில் எப்ஸ்டீன்-பார் வைரஸின் முழுத் தொடரும், சுமார் 1,72,000 எழுத்து, ஒரு குரோமோசோம் போலவே சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது. பொருந்தாத ரீட்களில் மட்டும் வைரஸைத் தேடும் முறைகளில் அந்த வைரஸ் கண்ணில் படாமல் போகும். எந்த மென்பொருளானாலும் ரிஃபரன்ஸின் தொடர்ப் பட்டியலை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

விடையைப் படிப்பது

ஓட்டம் முடிந்ததும் இரண்டு கோப்பு வரும்: ஒட்டுப்புள்ளிகள் உள்ள விசிஎஃப், எந்த வைரஸ் எவ்வளவு என்ற சுருக்க அட்டவணை. முதலில் அட்டவணையைத் திறங்கள். அதில் தரக் குறிப்பு என்றொரு பத்தி உண்டு. ‘லோ வைரல் கவரேஜ்’ என்றிருந்தால் வைரஸின் 10 சதவீதத்துக்கும் குறைவான பகுதியில்தான் ரீட் விழுந்திருக்கிறது; பெரும்பாலும் அது வைரஸ் இல்லை. ஆய்வகச் செல்வரிசைகளில் இது அடிக்கடி வரும். செல்லுக்குள் செலுத்தும் வட்ட டி.என்.ஏ.வான பிளாஸ்மிடில், மரபணுவை இயக்கும் பகுதியாக சைட்டோமெகாலோவைரஸின் புரமோட்டர் சுமார் 600 எழுத்து இருக்கும். முழு வைரஸோ 2,35,000 எழுத்து. ஒரு சின்னத் திட்டில் மட்டும் ரீட் குவிந்து மற்ற இடமெல்லாம் காலி என்றால் அது பிளாஸ்மிட்தான்.

‘எக்ஸசிவ் வைரல் கவரேஜ்’ என்பது இதற்கு நேர்மாறு. வைரஸ் ரீட் அளவுக்கு மீறிக் குவிந்ததால் ஒட்டுகளைக் கணிக்க முடியவில்லை என்று பொருள். இதைப் பலர் ‘ஒட்டு பூஜ்யம்’ என்று படித்துவிடுகிறார்கள். இது பூஜ்யம் இல்லை, பதில் வரவில்லை. கேஸ்கி செல்வரிசையில் பாப்பிலோமா 16இன் பிரதிகள் ஒரு செல்லுக்குச் சுமார் 600. அந்த மாதிரிச் சாம்பிள்களில் இந்தக் குறிப்பை எதிர்பார்க்கவேண்டும். வைரஸ் துண்டுகளை மட்டும் தூண்டில் போட்டுப் பிடித்து ஆயிரக்கணக்கான மடங்கு ஆழத்தில் படிக்கும் கேப்சர் தரவிலும் இதே நிலை. கேப்சர் தரவுக்கு இந்த மென்பொருளை எடுக்காதீர்கள் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

ஒரே திசுவில் பாப்பிலோமா 16உம் 18உம் சேர்ந்து இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால், அட்டவணையோடு நிற்காமல் க்ராகன்2இன் அறிக்கையையும் கையால் திறந்து இரண்டாவது வகைக்கு எத்தனை ரீட் என்று பாருங்கள்.

அடுத்து விசிஎஃப். அதில் பத்து வரி இருந்தால் வைரஸ் பத்து இடத்தில் சேர்ந்திருக்கிறது என்று எழுதிவிடாதீர்கள். சேர்ந்த ஒவ்வொரு வைரஸ் துண்டுக்கும் இரண்டு முனை. இரண்டு முனையும் இரண்டு வரி. அந்த இரண்டு முனைகளும் ரிஃபரன்ஸில் லட்சக்கணக்கான எழுத்து தள்ளித் தள்ளிக்கூட விழலாம், ஏனென்றால் வைரஸ் சேரும் இடத்தில் மனிதப் பகுதி நீங்கிப்போவதும் பல பிரதியாகப் பெருகுவதும் உண்டு. குறும் ரீட் தரவை வைத்து நடுவில் வைரஸ் ஒரு பிரதியா, வரிசையாக ஐம்பது பிரதியா என்று சொல்ல முடியாது. அதற்கு நானோபோர் அல்லது பேக்பயோவின் நெடும் ரீட் வேண்டும்.

வட்டத்தை நீட்டிப் படுக்கவைத்ததால் வரும் ஒரு பொய்யையும் தெரிந்துகொள்ளுங்கள். பாப்பிலோமா 16இன் கடைசி எழுத்துக்கு அடுத்தது முதல் எழுத்துதான். ரிஃபரன்ஸ் கோப்பில் அது ஒரு முனையாக நிற்கிறது. அந்தச் சந்திப்பைத் தாண்டும் ரீட் எல்லாம் அங்கே வெட்டுப்பட்டுத் தெரியும். முறிவு 1ஆம் எழுத்தை ஒட்டியோ, 7,900ஐத் தாண்டிய கடைசி எழுத்தை ஒட்டியோ வந்து, மறுபக்கமும் வைரஸாகவே இருந்தால் அது ஒட்டு இல்லை. ஹெப்-பிக்கும் இதே சோதனை. ஆனால் ஹெப்-பியில் 1,800ஆம் எழுத்தைச் சுற்றிய முறிவை அலட்சியம் செய்யாதீர்கள். 1,824 முதல் 1,834 வரை உள்ள டிஆர்1 பகுதியை ஒட்டித்தான் உண்மையான ஒட்டுகள் குவியும்.

இனி ஒவ்வொரு வரியையும், ரீட்களைப் படமாகக் காட்டும் ஐஜிவி மென்பொருளில் கண்ணால் பார்ப்பது. ‘சாஃப்ட் கிளிப் (பொருந்தாமல் தொங்கும் வால்) எழுத்துகளைக் காட்டு’ என்பதை இயக்கிவிட்டு மனிதப் பக்கத்து இடத்துக்குப் போங்கள். உண்மையான ஒட்டு இப்படி இருக்கும்: சாம்பல் நிற ரீட்கள் எல்லாம் ஒரே எழுத்தில் வெட்டினாற்போல் முடிந்து, அங்கிருந்து வண்ண எழுத்துகளாக மாறும். அந்த வண்ண வால்கள் ஒன்றுக்குக் கீழ் ஒன்று வைத்தால் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகும். நீளம் மட்டும் 12, 31, 58 என்று வேறுபடும். ரீட் தொடங்கும் இடங்கள் வெவ்வேறாக இருக்கும். முன்னோக்கிய ரீட்டும் பின்னோக்கிய ரீட்டும் கலந்திருக்கும். இதற்கு மாறாக எல்லா ரீட்டும் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் முடிந்தால் அது ஒரே மூலக்கூறின் பிசிஆர் நகல். எட்டு ரீட் இருந்தாலும் சாட்சி ஒன்றுதான். வால்கள் தங்களுக்குள் ஒத்துப்போகாமல் ஆளுக்கொரு எழுத்தாக இருந்தால் அது நூலகம் தயாரிக்கும்போது தற்செயலாக ஒட்டிக்கொண்ட துண்டுகளின் கூட்டம்.

இன்னும் நெருங்கிப் பார்த்தால், பல ஒட்டுகளில் வெட்டு விழுந்த இடத்தில் சில எழுத்துகள் மனிதத் தொடரிலும் இருக்கும், வைரஸ் தொடரிலும் இருக்கும். அங்கே ஒட்டுச் சேர்ந்தது அந்தப் பொது எழுத்துகளைப் பற்றிக்கொண்டு என்று கருதலாம். அந்த எழுத்துகள் யாருக்குச் சொந்தம் என்று சொல்ல முடியாது. இரண்டு மென்பொருள் ஒரே ஒட்டுக்கு மூன்று எழுத்து தள்ளிய இரண்டு எண்ணைச் சொன்னால் பதற வேண்டாம், இரண்டும் சரிதான்.

எதற்கு வேறு மென்பொருள்

ஆர்.என்.ஏ. தரவு கையில் இருந்தால் சிடேட்-விஐஎஃப் எடுங்கள். ஸ்டார் பொருத்தியை வைத்து முதலில் சந்தேக இடங்களைத் திரட்டி, அந்த ஒட்டுத் தொடரையே செயற்கையாகக் கட்டி, ரீட்களை அதில் மறுபடி பொருத்திச் சரிபார்க்கும். உலாவியில் திறக்கும் அறிக்கை தருவது புதியவர்களுக்கு வரம். மனித ஜீனோமுக்கு ஸ்டார் மட்டும் சுமார் 30 ஜிபி ரேம் கேட்கும். ஆனால் ஒன்று: ஆர்.என்.ஏ.வில் பாப்பிலோமா 16இன் முறிவு 880ஆம் எழுத்தில் வந்தால் அது டி.என்.ஏ. ஒட்டு இல்லை. ஆர்.என்.ஏ.வை வெட்டி இணைக்கும்போது வெட்டு விழும் இடமான வைரஸின் ஸ்ப்ளைஸ் தானம் அங்கே இருக்கிறது. அங்கிருந்து ஆர்.என்.ஏ. மனித மரபணுவின் ஒரு துண்டான எக்ஸானுக்குத் தாவுகிறது. உண்மையான ஒட்டு அதற்கு அப்பால் எங்கோ. ஆய்வேடுகளில் இந்த 880ஐ ‘ஒட்டுப்புள்ளி’ என்று எழுதுவதைத் தவிர்த்தாலே பாதித் தவறு குறையும்.

சர்வைரஸ் 2021இல் வந்தது. ரிப்பீட் பகுதிகளில் கவனமாக இருக்கும். இரண்டாவது கருத்துக்கு நல்ல தேர்வு. அரிய பாப்பிலோமா வகைகளைச் சந்தேகித்தால் விஃபி. வைரஸ் குடும்பத்தின் மாதிரியை வைத்துத் தேடுவதால் ரிஃபரன்ஸிலிருந்து விலகிய வகையையும் பிடிக்கும். வைரஸ்-கிளிப் 2015ஐச் சேர்ந்தது. எந்த வைரஸ் என்று ஏற்கெனவே தெரிந்தால், சாதாரண மடிக்கணினியில் ஒரு முதல் பார்வைக்குப் போதும். 2013இன் வைரஸ்ஃபைண்டருக்குத் தேவையான பழைய துணை மென்பொருள்களை இன்றைய லினக்ஸில் கட்டி எழுப்புவது உழைப்புக்கு ஏற்ற பலன் தராது.

எதை எடுத்தாலும் கட்டுப்பாட்டுச் சாம்பிள் இல்லாமல் தொடங்காதீர்கள். சிஹா செல்வரிசையில் பாப்பிலோமா 16 ஒன்றிரண்டு பிரதிதான், 13ஆம் குரோமோசோமின் நீள்கரத்தில், கேஎல்எஃப்5, கேஎல்எஃப்12 மரபணுக்களை ஒட்டிய பகுதியில். உங்கள் முறை அதைப் பிடிக்கவேண்டும். சி33ஏ செல்வரிசை கருப்பைவாய்ப் புற்றுதான், பாப்பிலோமா கிடையாது. அதில் எதுவும் வரக்கூடாது. ஹீலாவில் பாப்பிலோமா 18, 8ஆம் குரோமோசோமில் மிக் மரபணுவுக்குச் சுமார் 5 லட்சம் எழுத்து தள்ளி இருக்கிறது. அதன் முழு ஜீனோம் தரவுக்கு, யாருடைய கட்டியிலிருந்து அது எடுக்கப்பட்டதோ அந்த ஹென்ரியட்டா லாக்ஸின் குடும்பத்தோடு 2013இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி விண்ணப்பித்து அனுமதி வாங்கவேண்டும், அது நியாயமானது. ஹீலா இன்னொரு விதத்திலும் முக்கியம். பெரிய புற்றுநோய்த் தரவுத்தொகுப்பு ஒன்றில் கருப்பைவாய்க்குச் சம்பந்தமே இல்லாத கட்டிகளில் பாப்பிலோமா 18 தென்பட்டு, பிறகு அது ஹீலா டி.என்.ஏ. கலந்ததால் வந்தது என்று 2015இல் காட்டப்பட்டது. உங்கள் சாம்பிளில் பாப்பிலோமா 18 மிகக் குறைந்த ரீட்டோடு வந்து, ஒட்டும் ஹீலாவின் அதே இடத்தில் இருந்தால், முதலில் ஆய்வகத்தின் குழாய்களைச் சந்தேகியுங்கள்.

நோயாளியின் ரத்தச் சாம்பிளில் மனித ஹெர்ப்பிஸ் வைரஸ் 6 டெலோமியரில் ஒட்டியதாக வந்தால் திடுக்கிட வேண்டாம். சுமார் 100 பேரில் ஒருவருக்கு அது பெற்றோரிடமிருந்தே குரோமோசோமோடு வந்திருக்கும்.

கடைசியாக, தாளில் எழுதுவதற்கு முன் பிசிஆர். ஒரு பிரைமரை மனிதப் பக்கத்திலும் இன்னொன்றை வைரஸ் பக்கத்திலும், ஒட்டிலிருந்து 100 முதல் 150 எழுத்து தள்ளி வையுங்கள். 200 முதல் 300 எழுத்து நீளப் பட்டை வரும். மெழுகுத் திசு என்றால் மொத்த நீளம் 150ஐத் தாண்டாமல் பிரைமர்களை ஒட்டுக்கு நெருக்கி வையுங்கள். கட்டியின் டி.என்.ஏ., அதே நோயாளியின் ரத்த டி.என்.ஏ., டி.என்.ஏ. இல்லாத தண்ணீர் என்று மூன்றையும் ஒரே ஜெல்லில் ஓட்டுங்கள். முதல் குழியில் மட்டும் பட்டை வரவேண்டும். அதை வெட்டி எடுத்து சேங்கர் சீக்வென்சிங் செய்து, ஒட்டின் எழுத்துகளை விசிஎஃபோடு ஒப்பிடுங்கள். பட்டையே வரவில்லை என்றால் உடனே ஒட்டு பொய் என்று தள்ளிவிடாமல், மனிதப் பக்கத்துப் பிரைமர் ரிப்பீட்டுக்குள் விழுந்திருக்கிறதா என்று பார்த்து, அதை மட்டும் 50 எழுத்து நகர்த்தி இன்னொருமுறை ஓட்டுங்கள்.